முறுக்கு விற்கப் போகிறவர் இணையத்தில் எதைப் படிப்பது?



வீட்டில் முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்துக்கு விற்கிறீர்கள். இதையே ஆன்லைனில் விற்றால் என்ன என்று ஓர் ஆசை. கைபேசியில் தேடினால், மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்க வழி சொல்வதாக ஒருவர் வீடியோவில் வருவார். முடிவில் கட்டண வகுப்பில் சேரச் சொல்வார். அவருடைய வியாபாரம் அந்த வகுப்புதான். அவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் பாடம் கோபக்கார வாடிக்கையாளரிடம் இருக்கிறது. பெரிய விற்பனைத் தளங்களில் முறுக்குப் பாக்கெட்டுகளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் பொறுமையாகப் படியுங்கள். தூளாக வந்தது, நமுத்துப்போயிருந்தது, சிக்கு வாடை அடிக்கிறது என்று திட்டியிருப்பார்கள். பெட்டிக்குள் என்ன வைத்துக் கட்டுவது, பாக்கெட்டை எப்படி ஒட்டுவது, எந்த எண்ணெயில் சுடுவது, எத்தனை நாளைக்குள் அனுப்புவது என்று யோசிக்க அந்தத் திட்டு போதும். காசு கொடுத்தாலும் இப்படிச் சொல்லித்தர ஆள் கிடைக்காது.

அடுத்து, கொரியர் நிறுவனங்களின் கட்டணப் பக்கம். வீடியோக்காரர்கள் பெரும்பாலும் தொடாத இடம் இது. முறுக்குக்கு எடை குறைவு, அடைக்கும் இடமோ அதிகம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கின்றன. வரும் கிலோ, தராசு காட்டும் எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கூலி. 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் கணக்கு 3 கிலோ. உள்ளே ஒரு கிலோ முறுக்கு இருந்தாலும் 3 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். லாபம் அங்கேயே போய்விடும். விலை வைப்பதற்கு முன்பே பெட்டியை அளந்துவிடுங்கள்.

சட்ட விஷயங்களில் வீடியோ வெளியான தேதியைப் பாருங்கள். விற்பனைத் தளத்தில் பொருள் விற்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்குச் சில நிபந்தனைகளோடு அதில் விலக்கு உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் கதை வேறு. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவும், லேபிளில் அந்த எண்ணும் வேண்டும். மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊரில் சுட்டுவிட்டு அந்தப் பெயரைப் போட்டால் வம்பு.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடினால், அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைக் கொடுங்கள். புரியாவிட்டால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கே நேரில் போய்க் கேட்கலாம்.

கடை திறந்ததும், மொத்த ஆர்டர் என்று சொல்லி யாராவது ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் வரும் என்பார்கள். யூபிஐயில் பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.