மலைநீரும் மின்னாற்றலும்

(பெரக்கரை நாட்டில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் நின்று மின்னாற்றலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என நீங்கள் வினவலாம். ஒரு கொள்கை எம்மொழியில் எழுதப்படுகின்றதோ, அம்மொழியினர்க்காகவே அது எழுதப்படுகின்றது. அதனால்தான் வந்தேன்.

மின்னாற்றல் வேண்டா என்று நான் கூறவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் படித்தவன் நான். அவ்விருளின் கொடுமையை அறிவேன். 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் முதலியன சாராத மின் நிறுவுதிறனை 5 இலக்கம் மெகாவாட்டாக உயர்த்துவதாக 2021-இல் கிளாசுகோ மாநாட்டில் இந்திய அரசு உறுதி கூறியது. 2025-இல் நாட்டின் நிறுவுதிறனில் பாதி அவ்வகையினதாயிற்று. ஆயினும் ஆக்கப்படும் மின்னாற்றலின் பெரும்பகுதி நிலக்கரியினின்றே வருகின்றது. ஏன்? கதிரவன் மாலையில் மறைகின்றான். ஆடிக்காற்று மார்கழியில் வீசுவதில்லை. தேக்கிய நீரோ வேண்டிய பொழுது இயக்கத்தக்கது. திட்டமிடுவோரின் கண் மலையோடைகளின்மேல் விழுவது இதனால்தான்.

ஆயிரம் கிலோ நீர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தினின்று விழுந்தால் ஓர் அலகு மின்னாற்றல் கிட்டும். எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிவரும் இவ்வுயரமே உங்கள் செல்வம். இம்மலையின் ஓடைகளைத் திருப்பி 20 மெகாவாட்டு நீர்மின் திட்டம் தீட்டப்பட்டதும் அதனாலேயே.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க அறிவிக்கைப்படி, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டத்திற்கு முன்கூட்டிய சூழல் ஒப்புதல் வேண்டுவதில்லை. எனவே அதற்குரிய மக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. சிறிய திட்டத்தால் பெருந்தீங்கு இல்லை என்பது தில்லியின் கணக்கு. கோடையில் ஓடை வற்றினால் நெல்வயல் என்னாகும், ஆடுமாடு என்னாகும் என்பது உங்கள் கணக்கு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பார் யார்?

அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 2020-இல் வந்த வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியாயிற்று. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் முறைமன்றம் 2020 சூன் 30-இல் ஆணையிட வேண்டியதாயிற்று. தம் நிலத்தையும் நீரையும் பற்றிய சட்டத்தைத் தம் மொழியில் படிப்பதற்கே மக்கள் வழக்காட வேண்டுமாயின், அதனை மக்களாட்சி என எங்ஙனம் அழைப்பது?

பழைய பாடமும் உண்டு. அலுமினியக் கனிமத்தை இம்மலையில் வெட்டி மேட்டூர் ஆலைக்குக் கொண்டுசென்றனர். 2008-இல் அது நின்றது. குழி மலையில், பொருள் சமவெளியில்!

ஆதலின் மூன்று கேளுங்கள். திட்ட அறிக்கை தமிழில் வரவேண்டும். ஊரவையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். கோடையில் ஓடையில் விடவேண்டிய நீரின் அளவு அதிலேயே எழுதப்பட வேண்டும். ஆக்கிய மின்னாற்றலின் முதற்பயன் இம்மலையின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உழவர்க்கும் சேர வேண்டும்.

படிக்க இயலாத தாளில் கைந்நாட்டு இடாதீர்கள்! மாணவர்களே, படித்துக் காட்டும் கடமை உங்களுடையது. இன்றே தொடங்குங்கள்!