கண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்



இரவில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறோம். பத்துப் பதினைந்து நட்சத்திரங்கள் தெரிகின்றன. இவ்வளவுதான் வானம் என்று இறங்கிவிடுகிறோம். ஊர் வெளிச்சம் நட்சத்திரங்களை மறைப்பது உண்மைதான். ஆனால் நாமும் கண்ணுக்கு அவகாசம் தருவதில்லை.

விளக்கை அணைத்ததும் கண்ணின் பாவை விரிகிறது. நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டராக இருப்பது, இளம் வயதினருக்கு 7 மில்லிமீட்டர் வரை அகலும். இதனால் கண்ணுக்குள் போகும் ஒளி பன்னிரண்டு மடங்கு கூடுகிறது. இது தொடக்கம் மட்டுமே.

பெரிய வேலை விழித்திரையில் நடக்கிறது. அங்கே நிறம் காட்டுபவை கூம்பு செல்கள். அவை பத்து நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும். மங்கிய ஒளியை உணர்பவை குச்சி செல்கள். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் சிதையும். இருட்டில்தான் மறுபடி சேரும். அது முழுதாகச் சேர 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். இந்த நிறமி உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான்.

குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. விழித்திரையின் நட்டநடுவில் அவை இல்லவும் இல்லை. ஆகவே மிக மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். நவம்பர் மாத முன்னிரவில், இருண்ட கிராமத்து வயல்வெளியில் நின்று, வடக்கு வானத்தின் உயரத்தில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை இப்படித் தேடிப் பாருங்கள். சின்னஞ்சிறு வெண்புகைபோல் தெரியும். அங்கிருந்து 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியை, எந்தக் கருவியும் இல்லாமல் உங்கள் கண்ணே வாங்கிக்கொள்கிறது!

இடையில் செல்போனை ஒரு முறை பளிச்சென்று திறந்தால் போதும், காத்திருந்ததெல்லாம் வீண். வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கிய சிவப்பு விளக்கு நல்லது. சிவப்பு ஒளி ரோடாப்சினை அதிகம் சிதைப்பதில்லை. டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினாலே போதும்.

அடுத்த அமாவாசையை ஒட்டி, தெருவிளக்கு எட்டாத ஓர் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். செல்போனை எடுக்காமல், அரை மணி நேரம் பேசிக்கொண்டே காத்திருங்கள். அதன் பிறகு அண்ணாந்து பாருங்கள்.