வதந்தி வந்த வாரமும் நான் கற்றுக்கொண்டதும்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குப்பை வண்டி, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பேசுகிற கூட்டத்தில் இனவெறி, மனநலம் என்று பெரிய வார்த்தைகளைக் கொண்டு வருகிறாளே என்று நினைக்க வேண்டாம். நம்ம தெருவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதில் என் தப்பும் உண்டு.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவின. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, நம்ம மாவட்டத்துக்காரர், அவை பொய் என்று விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்புக்கு நடந்த மோதல். பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஆனால் விளக்கம் நடந்து வருவதற்குள் வதந்தி ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தச் சமயம் நம்ம தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பீகார் பையன்கள் நாலு பேர் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். அதில் சின்னவன் தினமும் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவான். "அம்மா" என்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

நம்ம குரூப்பில் ஒருவர் எழுதினார்: "இந்த வடக்கனுவளால வீண் பிரச்சினை. ராத்திரி வெளியே விடக்கூடாது." அதற்கு நான் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். யோசித்துப் போடவில்லை. பத்துப் பேர் போட்டிருந்தார்கள், பதினோராவதாக நானும் போட்டேன்.

மார்ச் 6 அன்று நாகராஜா திடலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழா. தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். கதை நமக்குத் தெரிந்ததுதான். 1822-ல் கல்குளம் பக்கம் தொடங்கிய போராட்டம். தோளை மூடிய நாடார் பெண்களின் சீலையைச் சந்தையிலும் வழியிலும் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும், தோளை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதையையும் அளந்து கொடுத்த காலம்.

கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தேன். குரூப்பைத் திறந்தால் என்னுடைய கட்டைவிரல் அங்கே நிற்கிறது. யார் எங்கே நடக்கலாம், எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று இன்னொருவர் தீர்மானித்ததை எதிர்த்த விழாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். அதே தீர்மானத்துக்கு நானே ஒப்புதலும் கொடுத்திருக்கிறேன்.

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரர் முட்டியால் அழுத்திக் கொன்றதை டிவியில் பார்த்து அழுதவள் நான். தூரத்தில் நடந்தால் அழ முடிகிறது. பக்கத்து வீட்டு மாடியில் நடந்தால் கண் தெரிய மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் அந்த மாடிக்குப் போனேன். இரண்டு பேர் ஏற்கெனவே ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். கட்டஞ்சாயாவும் நாலு பழம்பொரியும் கொண்டுபோயிருந்தேன். சின்னவன் கதவைத் திறந்தான். கையில் ஃபோன், வீடியோ காலில் அவன் அம்மா, ஒரே அழுகை. அவன் ஃபோனை என் பக்கம் திருப்பினான். எனக்கு இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் கையைக் கூப்பினேன், பையனின் தோளில் கை வைத்துக் காட்டினேன். அந்த அம்மாவின் அழுகை கொஞ்சம் அடங்கியது. என் தங்கச்சி மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அங்கே ஏதாவது என்று செய்தி வந்தால் அவள் இப்படித்தான் ஃபோனும் கையுமாக இருப்பாள். நம்ம ஊரில் அப்படி ஒரு அம்மா இல்லாத தெரு எது?

அதே மார்ச் 7 அன்று, ஆரல்வாய்மொழி தாண்டினால் வருகிற காவல்கிணற்றில் கையுறை செய்யும் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் போய் வடமாநிலத் தொழிலாளர்களிடம் பேசியதாகச் செய்தியில் பார்த்தேன். அவர் செய்தது அரசு வேலை. தெருவில் செய்ய வேண்டியது நம்ம வேலை.

இனி என்னைப் பற்றி. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. "டீச்சர், முதல்ல அந்த ஃபோனைக் குறைங்க" என்றார். எட்டரை மணிக்கு மேல் ஃபோன் இப்போது அலமாரியில் இருக்கும். காலையில் குளக்கரையில் ஒரு நடை. மனசு கலங்கினால் தனியாக உட்காராமல் யாரிடமாவது பேசுவேன். இது பொறுப்பிலிருந்து ஒளிந்துகொள்வதல்ல. தூங்காத மனசுக்குத்தான் எல்லாரும் எதிரியாகத் தெரிவார்கள். நான் கட்டைவிரல் போட்டதும் அப்படி ஒரு ராத்திரியில்தான்.

சாமித்தோப்பு பதிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வழிபடுகிற இடத்தில் கண்ணாடி இருக்கும். தலையில் துணி கட்டக்கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னவர் அய்யா வைகுண்டர். அந்தக் கண்ணாடியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: உன்னை நீ பார்த்துக்கோ. நலமாக இருக்கிறாயா என்றும் பார்த்துக்கோ, சரியாக நடக்கிறாயா என்றும் பார்த்துக்கோ. இரண்டும் ஒரே பார்வைதான்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, உறுதிப்படுத்தாத வீடியோ நம்ம குரூப்பில் வேண்டாம். இரண்டு, நம்ம தெருவில் வேலைக்கு வருகிறவர்களின் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். செயலாளரின் நம்பரையும் அவசர எண் 112-ஐயும் அவர்கள் கையில் கொடுப்போம். மூன்று, பதற்றமான நாட்களில் தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுக் கதவைக் கமிட்டியில் ஒருவர் போய்த் தட்டட்டும்.

அந்தக் கட்டைவிரலை நான் எடுத்துவிட்டேன். எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. அதனால்தான் இன்று இங்கே வந்து வாயால் சொல்கிறேன்.