மழை இரவும் ஒரு சிறு மோட்டாரும்



சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்வோருக்கு மழையின் ஓசையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தகரக் கூரையின்மீது அடைமழை பொழியும் இரவில், ஒரே காம்பராவில் அருகருகே படுத்திருப்போர் பேசுவதும் ஒருவருக்கொருவர் கேளாது. அவ்வேளையில் அபாய மணி ஒலித்தால் யார் செவியில் விழும்? செவிப்புலன் குன்றிய முதியோர் நிலை இன்னும் கடினம்.

அத்தகைய மழை என்ன செய்யவல்லது என்பதை 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டம் கண்டது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய, களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டது.

ஓசை எழுப்பாதவரை அதிர்வு எழுப்பும். கைத்தொலைபேசியை நடுங்கச் செய்யும் சிறு மோட்டாரே இதற்குப் போதும். காசு வடிவில், ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் விட்டமுடைய இதனுள்ளே, ஒருபுறம் மட்டும் பாரம் ஏறிய சுழலி உண்டு. பாரம் நடுவில் இல்லாமையால், சுழலுந்தோறும் மோட்டார் முழுவதும் அதிர்கின்றது. 3 வோல்ற்று மின்னழுத்தமும், 80 மில்லி அம்பியர் அளவான மின்னோட்டமும் அதற்கு வேண்டும்.

இனி மழைமானி. நேரான சுவருள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலைப்பகுதியை வெட்டி, புனல்போல் கவிழ்த்து வையுங்கள். அடியின் வளைவு மறையும்வரை கூழாங்கல்லும் நீரும் இட்டு, அந்நீர்மட்டத்தைச் சுழியம் எனக் குறியுங்கள். உறையிட்ட இரு கம்பிகளை ஓரமாக இறக்குங்கள்; புனலின் துளி அவற்றின்மேல் படலாகாது. ஒன்றின் நுனி சுழியத்துக்குக் கீழேயும், மற்றதன் நுனி சரியாக 75 மில்லிமீற்றர் உயரத்திலும் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஆனால் வெளியேறவும் வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகோல். ஆகையால் நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரைச் சுழியத்துக்கு இறக்கிவிடல் அவசியம்.

மழைநீர் மின்னை மிக மெலிதாகவே கடத்தும். மோட்டாரை நேரே இணைத்தால் அது அசையாது. ஒரு டிரான்சிஸ்டரும் பெரும்பாலும் போதாது. முதலாவதன் எமிற்றர் இரண்டாவதன் பேஸுக்குச் செல்லுமாறு இரண்டை இணைத்தால், துளி மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். இரண்டாவது, அரை அம்பியர் தாங்குவதாக இருத்தல் நலம். மோட்டார் புறப்படும் கணத்தில் மின்னோட்டம் கூடும் அல்லவா? இவ்விணைப்பு ஏறக்குறைய 1 வோல்ற்றைத் தானே விழுங்குமாதலால், மீள்மின்னேற்றக் கூடிய மின்கலங்கள் மூன்றை வரிசையாக வையுங்கள். மோட்டார் நிற்கும்போது எழும் எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காதிருக்க, அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாக இணைக்க வேண்டும்.

மோட்டாரின் கம்பிகள் தலைமயிர்போல் மெல்லியவை. பற்றவைத்த இடத்தைப் பசையால் மூடாவிட்டால் ஒரே இழுப்பில் அறும். தடித்த தலையணைக்கடியில் இவ்வதிர்வு அமிழ்ந்துவிடும். சிறு மரச்சில்லில் ஒட்டித் தலையணை உறைக்குள் வைப்பது நன்று. மணிக்கட்டில் கட்டுதல் அதனினும் சிறந்தது என்பது என் எண்ணம், கம்பி காலில் சிக்காதவரை.

இக்கருவி மழையை மட்டுமே அறியும், மண்ணை அறியாது. நிலத்தில் புதுவெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, போத்தலைப் பார்த்திராமல் உடனே வெளியேறுங்கள். ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் சேர்த்துவைத்த மழைநீரையே 75 மில்லிமீற்றர்வரை ஊற்றி, உறங்குபவர் விழிக்கின்றாரா என்று பாருங்கள். கிணற்று நீர் கூடுதலாக மின் கடத்துமாதலால் அச்சோதனை ஏமாற்றும்.