அனுமதி கேட்கும் கைபேசி

(தோட்டப் பாடசாலை ஒன்றில், தரம் 11 மாணவி ஒருவர் தமது வகுப்பு மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் 'அண்ட்ரொய்ட்' என்னும் பணிசெயல் முறைமை. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நம்ம லயங்களில் இருக்கும் டச் போன்கள் பெரும்பாலானவற்றில் ஓடுவது இதுதான்.

காலைப் பிரட்டை நினைத்துப் பாருங்கள். யார் எந்த மலைக்கு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துவிட ஓர் ஆள் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? போனுக்குள் அந்த வேலையைச் செய்வது அண்ட்ரொய்ட். கமரா, ஸ்பீக்கர், நினைவகம் எல்லாம் ஒரு பக்கம்; வட்ஸ்அப், யூடியூப் போன்ற செயலிகள் மறுபக்கம். எதற்கு எது, எவ்வளவு என்று நடுவில் நின்று பிரித்துக் கொடுக்கிறது.

2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அண்டி ரூபின் உட்பட நால்வர் ஒரு சிறு கம்பனியைத் தொடங்கினார்கள். முதலில் டிஜிட்டல் கமராக்களுக்காகத்தான் இதை நினைத்தார்கள். 2005இல் கூகுள் அந்தக் கம்பனியை வாங்கியது. 2008இல் முதலாவது அண்ட்ரொய்ட் போன் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடித்தளமான லினக்ஸை 1991இல் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் பின்லாந்தில் நம்மைப் போல ஒரு மாணவர்தான்!

அண்ட்ரொய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் காம்பரா உண்டு. ஒன்று மற்றதன் காம்பராவுக்குள் நுழைய முடியாது. கமராவையோ, எஸ்.எம்.எஸ்.ஸையோ, நாம் சேமித்த நம்பர்களையோ தொட வேண்டுமானால் நம்மிடம் கேட்க வேண்டும். 2015இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், தேவைப்படும் நேரத்திலேயே அந்தக் கேள்வி திரையில் வருகிறது.

இங்கேதான் நான் தவறு விட்டேன். தம்பிக்காக, யாரோ அனுப்பிய ஒரு விளையாட்டை அம்மாவின் போனில் போட்டேன். ஏதோ இங்கிலிஷில் கேட்டது. வாசிக்காமலே 'அலவ்' என்று அமுக்கினேன். மறுநாளிலிருந்து ரீலோட் காசு குறைந்துகொண்டே போனது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோடு தான் கூடுதலாகப் பேசிவிட்டதாக அம்மா நினைத்தார். அதனால் மூன்று நாள், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதோடு போனை வைத்துவிட்டார். கடைசியில் தேடிப் பார்த்தால், அந்த விளையாட்டுதான் காசு பிடிக்கும் நம்பர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறது. விளையாட்டுக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு? அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

நண்பர்களே, காவல்காரன் வாசலில் நின்று கேட்கிறான். கதவைத் திறப்பது நாம். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று பாருங்கள், வேண்டாததை நிறுத்திவிடுங்கள். அடுத்து, அம்மாவின் போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். நான் மாற்றிக் கொடுத்தேன். இப்போது போன் ஏதாவது கேட்டால், அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இது எதுக்கு புள்ள?" என்று என்னையே கேட்கிறார்.