22ஆம் விதி: நாவலும் தொடரும்
(கோலார் தங்கவயல் உரையின் எழுத்து வடிவம்)



1930இல் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகைப் பதிவு முறையே காரணம். ரேகை வைத்தால் திருடனுக்குரிய சந்தேகத்தை ஏற்றுக்கொண்டதாகும். மறுத்தாலோ, மறைக்க ஏதோ உண்டு என்றாகும். இந்தப் பொறியை எதிர்த்துப் போராடிய மண்ணில் ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலுக்கு நீண்ட முன்னுரை தேவையில்லை.

ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர். நாவல் 1961இல் வெளிவந்தது. மனநிலை பிறழ்ந்தவன் பறக்க வேண்டியதில்லை. ஆனால் விலக்கை அவனே கோர வேண்டும். உயிருக்கு அஞ்சிக் கோருபவனோ தெளிந்த அறிவுள்ளவன். ஆகவே பறந்தாக வேண்டும். இதுவே 22ஆம் விதி. நாயகன் யோசாரியன் எண்ணிக்கையை நெருங்கும்போதெல்லாம் கர்னல் கேத்கார்ட் அதை உயர்த்திவிடுகிறார்.

2019இல் ஜார்ஜ் குளூனி உள்ளிட்டோர் இதை ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடராக்கினர். பயிற்சி முகாமிலிருந்து ஏறத்தாழ நேர்வரிசையில் கதை செல்கிறது. பின்தொடர்வது எளிது, இழப்பும் அங்கேதான். நாவல், ஸ்னோடன் என்ற இளம் வீரனின் மரணத்தைத் தொடக்கத்திலேயே குறிப்பிட்டு, வேடிக்கைகளுக்கிடையே மீண்டும் மீண்டும் அதைத் தொட்டு, முழுக் காட்சியைக் கடைசியில்தான் திறக்கிறது. அதுவரை சிரித்த வாசகன் தன் சிரிப்புக்காகவே கூசுகிறான். தொடரில் அது இறுதிப் பகுதியின் துயர நிகழ்ச்சி; நெஞ்சை உலுக்குகிறது, ஆனால் பார்வையாளனைக் குற்றவாளியாக்கவில்லை.

அந்தக் காட்சியில் ஹெல்லர் வைத்த ஒரு சிறு பொருள் முக்கியமானது. யோசாரியன் முதலுதவிப் பெட்டியைத் திறக்கிறான். மார்பின் இல்லை, மைலோவின் வணிக நிறுவனத்துக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்ற சீட்டு இருக்கிறது. உணவுக்கூட அதிகாரியான மைலோ, ஒப்பந்தப்படி தன் படைமுகாமின் மீதே குண்டு வீசச் செய்தவன். இலாபக் கணக்கைக் காட்டியதும் அவன் மன்னிக்கப்படுகிறான். எல்லோருக்கும் பங்கு உண்டாம்! ஜான் டெய்லர் நிறுவனத்தின் பங்குகள் இலண்டனிலும் பாறைவெடிப்பு சாம்பியன் ரீஃபிலும் இருந்த காலத்தை அறிந்தோர்க்கு மைலோ கற்பனைப் பாத்திரமல்ல.

முடிவிலும் இரண்டும் பிரிகின்றன. நாவலில், மேலதிகாரிகளைப் புகழ்ந்து பேசினால் வீடு திரும்பலாம் என்ற பேரத்தை யோசாரியன் உதறிவிட்டு, சுவீடனை நோக்கி ஓடுகிறான். தொடரில் ஆடையின்றி மீண்டும் விமானத்தில் அமர்கிறான். தனியொருவனின் ஓட்டம் அமைப்பாகத் திரண்ட எதிர்ப்பாகாது. ஆயினும் அந்த ஓட்டத்தில் ‘முடியாது’ என்ற சொல் இருக்கிறது. தொடர் அதைப் பறித்துக்கொண்டது.