சந்தை ஊரும் அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறமும்

(ராயபுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சந்தைக்குச் செல்வோர் இருவகையினர். சரக்கை விற்றுப் பணத்தை முடிந்துகொண்டு திரும்புவோர் ஒரு வகையினர். சந்தை எவ்வாறு நடைபெறுகிறதென்பதையும் கவனித்துத் திரும்புவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினர் எளிதில் ஏமாறுவதில்லை. திருப்பூருக்குக் கிழக்கே, ஒரே திசையில் அமைந்துள்ள இரண்டு சந்தைகளை இந்நோக்குடன் பார்த்துவருதல் சங்க அங்கத்தினருக்குப் பெரும் பயனளிக்கும்.

காங்கயத்தைக் கடந்து வெள்ளகோவில் சாலையில் செல்வோர் முதலில் காணவேண்டியது சந்தையன்று. சந்தைக்குச் சரக்கு தரும் நிலமேயாகும். மழை குறைந்த அப்பிரதேசத்தில் குடியானவர்கள் நிலத்தைக் கொறங்காடுகளாகப் பிரித்து, முள்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்துவந்திருக்கின்றனர். ஒரு காட்டில் புல் தேய்ந்ததும் மந்தையை அடுத்த காட்டிற்கு மாற்றுவர். காங்கயம் மாடுகளின் உறுதி இம்மேய்ச்சலில் விளைந்ததாகும். இவ்வினத்தைப் பேணி அபிவிருத்தி செய்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் பெயர் பிரசித்தமானது.

ஓலப்பாளையத்திற்கு அருகிலுள்ள கண்ணபுரத்தில், சித்திரை மாதம் மாரியம்மன் திருவிழாவை யொட்டி மாட்டுச் சந்தை கூடுகிறது. மாட்டுச் சந்தைகளின் பழைய வழக்கப்படி விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டினால் மறைத்து, ஒருவர் விரலை ஒருவர் பற்றித் தொகையைக் குறிப்பர். விரல் பிடித்த இருவரைத் தவிர அருகில் நிற்பவருக்கும் விலை தெரியாது. வியாபாரிகளுக்குள் பொறாமையும் போட்டியும் எழாமலிருக்க இம்முறை உதவுமென்பர். எனினும் பக்கத்து மாடு என்ன விலைக்குப் போயிற்றென்று அறியாத குடியானவன், தரகனின் சொல்லையே நம்பவேண்டியவனாகிறான்.

இக்குறையைப் பருத்தி விவசாயிகளும் வெகுகாலம் அனுபவித்தனர். எடையில் குறைவு, தரகு, மகமை, மாதிரி என்னும் பெயர்களால் பிடித்தம், இவற்றுக்கு முடிவு காணவே 1933-ல் சென்னை மாகாணத்தில் வர்த்தகப் பயிர்கள் மார்க்கெட் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை மார்க்கெட் 1936-ல் திருப்பூரிலேயே ஏற்பட்டது. விவசாயிகளின் பிரதிநிதிகளும் அடங்கிய கமிட்டி, லைசென்சு பெற்ற எடைக்காரர், அனுமதியற்ற பிடித்தங்களுக்குத் தடை என்பன அதன் அங்கங்கள்.

இன்று வெள்ளகோவில், முத்தூர் முதலிய ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொப்பரை, சூரியகாந்தி விதை, எள் போன்றவை ஏலத்திற்கு வருகின்றன. கண்ணபுரத்தைக் கண்டவர் ஓர் ஏல நாளில் இக்கூடத்தையும் காணட்டும். தராசு எவ்வாறு நிறுத்தப்படுகிறது, ஈரமும் கல்லும் நீக்கிய சரக்கிற்கும் நீக்காத சரக்கிற்கும் விலை எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதைக் கவனிக்கட்டும்.

இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்களும் இவ்வாறே நம்பிக்கையால் வளர்ந்தன. அரசரின் சாசனம் பெற்ற அவ்வூர்களில், சந்தைத் தகராறுகளை உடனுக்குடன் தீர்க்கத் தனி நியாயஸ்தலம் இருந்தது. அதன் பெயர் ‘தூசி படிந்த கால்கள்’ என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். வழி நடந்து வந்த எளியவனுக்கும், அவன் ஊர் திரும்புமுன் நியாயம் கிடைக்கவேண்டுமென்பதே அதன் கருத்து.

சட்டமும் கூடமும் ஏற்பட்டாலும், அவற்றை உபயோகிப்பது அங்கத்தினரின் கடமையாகும். அறுவடைக்கு முன்பே வீட்டு வாசலில் விலை பேசி முன்பணம் வாங்கியவனுக்கு எந்தத் தராசும் உதவாது. ஆகையால் ஒவ்வொரு சங்கமும் சில அங்கத்தினரைத் தேர்ந்து இச்சந்தைகளுக்கு அனுப்பி, அவர்கள் கண்ட விலையையும் எடையையும் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் எடுத்துரைக்கச் செய்யவேண்டும். துண்டின் மறைவில் இருவர் மட்டும் அறிந்த விலை, அவ்விதம் ஊரார் அனைவரும் அறிந்த விலையாகும்.